பின்கொக்கி பார்த்த போர்கள்

நெல்லித்தோப்பில் 'ஜீப் லூயிஸ் வீடு எது?' என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் கை காட்டிவிடுவார். போய்ச் சேருகிறவர் வாசலில் ஜீப்பைத் தேடுவார். சுவரில் சாய்ந்து ஒரு சைக்கிள்தான் நிற்கும். லூயிஸிடம் ஜீப் கிடையாது, கார் கிடையாது. வாலிப வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளப் போய், பெரிய மார்க்கெட்டின் பின்பக்கம் ஒரு பூக்காரம்மாவின் கனகாம்பரக் கூடைக்குள் முன்சக்கரத்தை இறக்கிய அன்றே, வண்டி ஓட்டும் ஆசைக்கு அவர் கும்பிடு போட்டுவிட்டார். வண்டிகளைப் பற்றிப் பேசும் ஆசை மட்டும் மிச்சமிருந்து வளர்ந்தது. பெண் பார்க்கப் போய் மாப்பிள்ளையாக முடியாதவன் கல்யாணத் தரகனாவதைப் போல, எழுபத்து மூன்று வயதில் அவர் புதுச்சேரி முழுவதற்கும் ஜீப் விஷயத்தில் கடைசி வார்த்தை சொல்லும் ஆளாகியிருந்தார். புதுச்சேரி முழுவதற்கும் என்பது அவருடைய மதிப்பீடு. இதுவரை அந்தக் கடைசி வார்த்தையை யாரும் வந்து கேட்டதில்லை.

மில்லில் அவர் ஸ்டோர்ஸ் கீப்பராக இருந்தவர். ஒரு பேரிங் உள்ளே வந்தால் எங்கிருந்து வந்தது, வெளியே போனால் யார் கைக்குப் போனது என்று எழுதாமல் விட்டதில்லை. என் காலத்தில் ஓர் ஆணி கூடத் தவறியதில்லை என்று இன்றும் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர்தான் இந்தக் காரியத்தைச் செய்தார் என்பதைப் படிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜீப் பைத்தியம் அப்பாவிடமிருந்து தொடங்கியது. லூயிஸின் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற சொல்தாக்களின் பிள்ளைகள் தங்கள் அப்பா பிடித்த துப்பாக்கியைப் பற்றியும் வாங்கிய மெடலைப் பற்றியும் பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள். லூயிஸின் அப்பா இந்தோசீனாவில் சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவியவர். பென்ஷனுக்கு வேண்டிய காலம் முடிவதற்குள் முதுகுவலி என்று ஊர் திரும்பியவர். "ஜீப்புல போனியாப்பா?" என்று சின்ன லூயிஸ் கேட்டபோது, "ஜீப்புல ஆபீசருங்க போவாங்க. நாங்க பின்னாடி அண்டாவத் தூக்கிக்கினு நடப்போம்" என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பிள்ளையிடம் கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால் பிற்காலத்தில் எத்தனையோ பழைய இரும்பு மிச்சமாகியிருக்கும் என்பது லூயிஸின் மனைவி பிரிஸ்கில்லாவின் கருத்து.

மகன் வேலைக்காகப் பெங்களூருக்குப் போனதும் காலியான மாடி அறையில் அந்த இரும்பெல்லாம் குடியேறியது. பட்டாளத்துப் பெட்ரோல் டின், மடக்கு மண்வெட்டி, பானட்டிலிருந்து கழற்றிய எழுத்துகள், இந்தியப் பட்டாளத்து ஜோங்கா வண்டியின் முகப்புத் தகடு, மலைத்தோட்டத்து ஜீப்புகளின் பழைய படங்கள், எண்ணெய்க் கறை படிந்த கையேடுகள். அவற்றுக்கு நடுவே, கண்ணாடி அலமாரியில், ஐந்து பொருள்கள் மட்டும் தனி மரியாதையோடு இருந்தன. பர்மாப் போர்முனையிலிருந்து ஒரு ஹாரன். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலிருந்து ஒரு பெட்ரோல் டாங்க் மூடி, உள்விளிம்பில் பாலைவன மணலோடு. அல்ஜீரியாவிலிருந்து ஒரு கியர் குமிழ், குண்டு உரசிய தழும்போடு. நார்மண்டியிலிருந்து ஒரு முன்விளக்கு, விளிம்பில் காய்ந்த இரத்தக் கறையோடு. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு வெல்வெட் துணியில், இந்தோசீனாவிலிருந்து வந்த பின்கொக்கி. ஜீப்பின் பின்னால் பீரங்கியையோ டிரெய்லரையோ மாட்டி இழுக்கும் கனத்த இரும்புக் கொக்கி அது. அப்பா தூக்கிய அண்டாவுக்கு முன்னால் போன ஜீப்பில் அது இருந்திருக்க முடியாது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதே லூயிஸின் வாதம். நிரூபிக்க வேண்டும் என்று யாரும் முயன்றதும் இல்லை.

இந்த ஐந்தையும் கொடுத்தவன் ஒருவனே. காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் சாக்கு விரித்துப் பழைய இரும்பு விற்கும் அம்மாவாசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூயிஸ் நேராக அவன் சாக்குக்கு முன்னால் போய்க் குந்துவார். ஒரு பொருளை அவர் எப்படி விசாரித்து வாங்குவார் என்பதற்குப் பர்மா ஹாரனே போதும்.

"முசியே, இதப் பாருங்க. சும்மா சரக்கு இல்ல இது" என்றான் அம்மாவாசை. ஐயா என்பதற்குப் புதுச்சேரியில் மிஞ்சிய பிரெஞ்சு, அந்த முசியே.

"எங்கேர்ந்து வந்துது?"

"தூரத்துலேர்ந்து."

"தூரம்னா? கடல் தாண்டியா?"

"கடல் தாண்டிதான்."

"பர்மாவா?"

அம்மாவாசை ஹாரனைத் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். "பர்மா மாதிரிதான் தெரியுது" என்றான்.

"ரெண்டாம் உலகப் போர்ல, வாபஸ் வர்றப்ப வுட்டுட்டு வந்த வண்டியா இருக்கும்."

"அப்படித்தான் சொன்னாங்க முசியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், லூயிஸ் பையிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார். ஐந்து பொருள்களும் இப்படித்தான் வந்தன. அம்மாவாசை தூரத்தை மட்டும் கொடுத்தான். ஊரையும் போரையும் தளபதியையும் லூயிஸ் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கெட்டி அட்டையில் திருத்தமான கையெழுத்தில் வரலாற்றை எழுதி, பக்கத்தில் சாய்த்து வைப்பார். அம்மாவாசையிடம் கேட்டதற்கும் அட்டையில் எழுதியதற்கும் நடுவே சைக்கிளில் வந்த தூரம்தான், ஆனால் அதற்குள் ஒரு படையே நகர்ந்திருக்கும்.

அவர் பரிசோதிக்காமல் வாங்கினார் என்றும் சொல்ல முடியாது. ஃபோர்டு கம்பெனி போர்க்காலத்தில் செய்த ஜீப்புகளில் பாகங்களின் மேலும் போல்ட் தலைகளின் மேலும் எஃப் என்ற எழுத்தைப் பொறித்திருப்பார்கள். இது ஜீப் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அவருடைய ஐந்து பொருள்களிலும் அந்த எஃப் இருந்தது. ஐந்து போர்க்களங்களிலிருந்து வந்த ஐந்தும் எப்படி ஒரே கம்பெனி வண்டியுடையவையாக இருக்கின்றன என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, போர் என்றாலே ஃபோர்டுதான் அதிகம் போயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, அதை ஒரு கண்டுபிடிப்பாகவே குறித்துவைத்தார்.

நெல்லித்தோப்பு மாதா கோவில் திருவிழா ஆகஸ்டு பதினைந்து. இந்த ஆண்டு லூயிஸ் பங்குச் சாமியாரிடம் போய், கோவிலை ஒட்டிய சின்ன ஹாலில் ஒரு கண்காட்சி வைக்க அனுமதி கேட்டார். சாமியார் இளைஞர். "என்ன வைப்பீங்க?" என்று கேட்டார். "வரலாறு" என்றார் லூயிஸ். சாமியார் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார். 'ஐந்து போர்க்களங்கள்' என்று துணியில் எழுதி வாசலில் கட்டினார்கள். சாயங்காலத் திருப்பலி முடிந்ததும் திறப்பு. அதன்பிறகு ஆடம்பரத் தேர்ப்பவனி. பவனிக்கு வருகிற ஜனம் எல்லாம் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆயுள் முழுக்கத் தம்மைப் பார்த்துச் சிரித்த ஊர் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அட்டைகளைப் படிக்கும். அப்பாவின் பெயர் கொக்கியின் அட்டையில், கொட்டை எழுத்தில் இருந்தது.

"சிரிக்க மாட்டாங்களா?" என்று பிரிஸ்கில்லா மட்டும் கேட்டார்.

"இன்னாத்துக்குச் சிரிப்பாங்க? எல்லாம் ஆதாரத்தோட இருக்குது."

"அம்மாவாசைதான ஆதாரம்?"

"அவன் வெறும் கொண்டாந்து குடுக்கறவன். ஆராய்ச்சி என்னுது."

"அதாங்க எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பிரிஸ்கில்லா வெல்வெட் துணிக்கு இஸ்திரி போடப் போனார்.

தேரை இழுப்பதும் ஒரு ஜீப்தான். ரெட்டியார்பாளையத்து இராமதாஸின் ஜீப். இராமதாஸின் அப்பா ஒருமுறை சங்கராபரணி ஆற்று வெள்ளத்தில் ஜீப்போடு கவிழ்ந்து, யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமலே மாதாவைக் கூப்பிட்டுக் கரையேறினார். வண்டி ஓடுகிற வரைக்கும் மாதா தேரை இந்த வண்டிதான் இழுக்கும் என்று நேர்ந்துகொண்டார். அவருக்குப் பிறகு மகன் இழுக்கிறார். வீட்டில் கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் வைத்துக் கிளம்புகிற வண்டிக்கு, கோவில் வாசலில் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். இரண்டு தரப்பு ஆசீர்வாதமும் வாங்கிய ஜீப் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

ஆண்டுதோறும் கண்ணெதிரே போன அந்த ஜீப்பை லூயிஸ் ஒருநாளும் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. கேட்டால் மூக்கைச் சுருக்குவார். முகப்பு ஒரு வண்டியுடையது, விளக்கு இன்னொன்றுடையது, ஹாரன் லாரியுடையது, உடம்பெல்லாம் ஆரஞ்சுப் பெயிண்ட். "கலப்படம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். சுத்தமான ஜீப்பைத் தேடி உலகப் போர்களுக்கெல்லாம் போன மனிதர், கோவில் வாசலில் நின்ற ஜீப்பைச் சீண்டவில்லை.

திருவிழா அன்று மதியம் லூயிஸ் ஹாலுக்குள் கடைசி ஏற்பாட்டில் இருந்தார். வெளியே தேரை மாட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு சத்தம், பிறகு பல குரல்கள். எட்டிப் பார்த்தார். தேர் நின்ற இடத்திலேயே நின்றது. ஜீப் மட்டும் பத்தடி முன்னால் போயிருந்தது. நடுவில், தரையில், ஜீப்பின் பின்கொக்கி கழுத்து முறிந்து கிடந்தது. ஏதோ ஒரு டிரெய்லர் கொக்கியை வெட்டி வெல்டிங் வைத்த ஒட்டுவேலை.

இராமதாஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, இறந்த கோழிக்குஞ்சைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். சுதந்திர தினம். வெல்டிங் பட்டறை எல்லாம் பூட்டு. திருவிழாக் கமிட்டிச் செயலர் லூர்துபிரகாஷ் இதற்காகவே பல ஆண்டாகக் காத்திருந்தவரைப் போலப் போனைக் கையில் எடுத்தார்.

"தாஸ் அண்ணே, கோவிச்சிக்காதீங்க. டிராக்டருக்குச் சொல்லிடறேன். ஒவ்வொரு வருசமும் இந்த வண்டி கெளம்புமா கெளம்பாதான்னு எனக்கு பி.பி. ஏறுது."

"ஒரு மணி நேரம் குடுப்பா. எங்கனா ஒரு கொக்கி பாத்துட்டு வந்துடறேன்."

"எழுபது எம்பது வருசத்து வண்டிக்கு லீவு நாள்ல எங்கண்ணே கொக்கி கெடைக்கும்? இந்த வருசம் டிராக்டர் இழுத்துச்சின்னா அடுத்த வருசமும் அதுவே இழுக்கட்டும். மாதா ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாங்க."

"மாதா கோவிச்சிக்க மாட்டாங்க. எங்கப்பாதான் கோவிச்சிக்குவாரு" என்றார் இராமதாஸ். "தேரு இல்லைன்னா இந்த வண்டிய நான் எதுக்கு வச்சிக்கினு இருக்கறேன்? நாளைக்கே எடைக்குப் போட்டுடுவேன்."

லூயிஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டு ஜீப். அதுவும் கலப்படம். தனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. அவர் பர்மா ஹாரனைச் சின்ன பேட்டரியோடு இணைத்து, வருகிறவர்கள் அமுக்கிக் கேட்க ஒரு பொத்தான் வைத்திருந்தார். போரின் குரல் என்று அதற்கு அட்டை. சரியாக இருக்கிறதா என்று அமுக்கினார்.

ஹாரன் அலறியது. அலறி முடித்து, கடைசியில், புகைபிடிக்கும் கிழவரைப் போல இரண்டு தரம் இருமியது.

இராமதாஸ் முறிந்த கொக்கியோடு ஹாலுக்குள் ஓடிவந்தார்.

"யாரு எங்கப்பா ஹாரன அடிச்சது?"

"இது பர்மா ஹாரன்" என்றார் லூயிஸ்.

"அந்த இருமல் எங்க ஹாரனுக்கு மட்டுந்தாண்ணே உண்டு. ஆத்துல கவுந்தப்போ தண்ணி பூந்துச்சி, அதுலேர்ந்து இருமும். அப்பா தெருமொனைக்கு வர்றப்பவே அம்மா ஒலை வச்சிடும். இன்னொரு தரம் அடிங்க."

லூயிஸ் அடித்தார். அது இருமியது. பர்மாவின் ஈரக் காற்றினால் வந்த கோளாறு என்று அட்டையில் எழுதியிருந்தார்.

இராமதாஸ் மேசை ஓரமாக நகர்ந்தார். கண்காட்சிக்கு வந்த முதல் பார்வையாளர் அவர்தான். ஆனால் அவர் அட்டைகளைப் படிக்கவில்லை, பொருள்களைப் பார்த்தார். கியர் குமிழின் மேல் குனிந்தார்.

"அட, இது இங்க இருக்குதா!"

"அல்ஜீரியா. குண்டு உரசியிருக்குது பாரு."

"ஊதுவத்திண்ணே. அப்பா வெள்ளிக்கிழமை ஊதுவத்திய இதும் பக்கத்துல செருவுவாரு. ஒருநாள் சாஞ்சி, குமிழு உருகிடுச்சி. ஏன்யா வத்திய அங்க வச்சன்னு அம்மா கத்துச்சி."

லூயிஸ் டாங்க் மூடியைத் தம் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். இராமதாஸ் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

"இதுவும் எங்களுதுதான்."

"உள்ள பாலைவன மணல் இருக்குதுப்பா. நான் பூதக்கண்ணாடி வச்சிப் பார்த்திருக்கறேன்."

"சங்கராபரணி மணல். ஒரு லோடு தர்றேன், வச்சிப் பாருங்க."

மிச்சமிருந்தது முன்விளக்கு. விளிம்பில் இரத்தக் கறையோடு நார்மண்டிக் கரையில் இறங்கிய முன்விளக்கு. இராமதாஸ் அதைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே நின்ற தம் ஜீப்பைப் பார்த்தார். அதன் இரண்டு விளக்குகளின் விளிம்பிலும் காலையில் வைத்த குங்குமம், அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

நெல்லித்தோப்பில் பிறந்து வளர்ந்த மனிதருக்குக் குங்குமம் தெரியாதா? தெரியும். ஆயுத பூசைக்கு மறுநாள் தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியிலும் அவர் அதைப் பார்த்தவர்தான். ஆனால் இந்த ஒரு விளக்கில் மட்டும் அது இரத்தமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று பட்டுவிட்டது.

"இதெல்லாம் எப்படி..." என்று தொடங்கினார் லூயிஸ்.

"ஒவ்வொண்ணா பழுதாவும். மெக்கானிக்கு வேற மாத்திக் குடுப்பான். பழச சாக்குக்காரன் ஒருத்தன் வீட்டாண்ட வந்து எடுத்துக்கினு போவான். கொக்கி கூட நல்லாத்தான் இருந்துச்சி. பூட்டுப்போடற பின்னு தேஞ்சி, தேரு கழண்டுடும்னு லூர்துபிரகாஷ் பயந்தாப்ல. அதனால மாத்தினேன். அதுக்கு ஒரு பின்னு கடைஞ்சி போட்டிருந்தா போதும், அப்பத் தோணல."

"உங்க வண்டி... எந்தப் போருக்காவது போச்சா?" லூயிஸ் கேட்டது ஏறக்குறைய கெஞ்சல்.

"தாத்தா மெட்ராஸ் மிலிட்டரி ஏலத்துல எடுத்தாரு. சண்டைக்குன்னு கப்பல்ல வந்து எறங்குச்சாம். எறங்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சி போச்சாம். டிப்போவுலயே நின்னுக்கினு இருந்துச்சி. அப்புறம் எங்க வயல்ல கரும்பு இழுக்க வந்துச்சி."

ஆக, லூயிஸ் இத்தனை ஆண்டுகளாக ஐந்து போர்களைச் சேகரிக்கவில்லை. சண்டையே பார்க்காத ஒரே ஜீப்பைத் துண்டு துண்டாகச் சேகரித்திருக்கிறார். அந்த ஜீப்பைத்தான் கலப்படம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனுடைய சுத்தம் முழுவதும் அவருடைய மாடி அறையில் இருந்தது.

இப்போது இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். சிவப்பு வெல்வெட்டில் கொக்கி. இராமதாஸ் கையில் அதன் இடத்துக்கு வந்த ஒட்டுவேலை. வெளியே லூர்துபிரகாஷ் போனில், "டிராக்டர கழுவிட்டு எடுத்துக்கினு வாப்பா, மாதாவுக்கு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லூயிஸ் அட்டையைப் படித்தார். இந்தோசீனா. அப்பாவின் பெயர். அழகான கையெழுத்து. கொக்கியைக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் வருகிற ஊருக்கு நடுமேசையில் வெறும் வெல்வெட்தான் இருக்கும். கொடுத்த காரணம் தேர் தெருவைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரியும். கொடுக்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இராமதாஸ் சொல்லமாட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டிராக்டர் தேரை இழுத்துக்கொண்டு போகும். நாளைக்கு ஜீப் எடைக்குப் போகும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவாசையின் சாக்கில், அதன் மிச்சமும் தூரத்திலிருந்து வந்து சேரும். லூயிஸ் அதையும் வாங்கி, ஆறாவது போர்க்களம் ஒன்றைத் திறப்பார். தம்மைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிரிஸ்கில்லா எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. "என்னங்க, ஸ்பேனர் வீட்லேர்ந்து எடுத்துக்கினு வரட்டுமா? இல்ல, வண்டியிலயே இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குதுக்கா" என்றார் இராமதாஸ்.

லூயிஸ் கொக்கியை எடுத்தார். நல்ல கனம். மேசைக்கு ஏற்றும்போது அவர் இதைத் தனியாகத் தூக்கினார். இறக்கும்போது இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஜீப்பின் பின்னால் மண்டியிட்டு, ஒட்டுவேலையின் மிச்சத்தைக் கழற்றி, ஆரஞ்சுப் பெயிண்ட்டைச் சுரண்டினார்கள். உள்ளே பட்டாளத்துப் பச்சை, கொக்கியில் இருந்த அதே பச்சை. நான்கு துளைகளும் நான்கு துளைகளோடு பொருந்தி நின்றன. லூயிஸ் தம் சட்டைப் பையிலிருந்து, அதே கொக்கியோடு வாங்கிய நான்கு போல்ட்களையும் எடுத்தார். கண்காட்சியில் தனியாக வைக்க, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தவை. தேய்ந்த பின்னுக்கு மட்டும் என்ன செய்வது? பிரிஸ்கில்லா ஹாலுக்குள் போய், ஓர மேசையில் இருந்த ஜோங்கா தகட்டுக்குப் பக்கத்தில் 'பயன் அறியப்படாத பொருள்' என்று அட்டை வைத்திருந்த இரும்புக் குச்சியை எடுத்துவந்து நீட்டினார். அது சரியாக நுழைந்தது. லூயிஸின் ஆராய்ச்சிக் காலம் முழுவதிலும் பயன் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

லூர்துபிரகாஷ் வந்து குனிந்து பார்த்தார். "இது தாங்குமா?"

"பீரங்கி இழுத்த கொக்கிப்பா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார் லூயிஸ். பிறகு, இராமதாஸின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "கரும்பு இழுத்த கொக்கி. பீரங்கிய விட அதான் கனம்" என்று திருத்திக்கொண்டார்.

"அப்ப உள்ள இருக்கற ஐந்து போர்க்களம்?"

"நாலு. சாயங்காலத்துக்குள்ள அதுவும் கொறையும்."

அதுவும் குறைந்தது. ராத்திரிப் பவனிக்குத் தேர் கிளம்புவதற்கு முன்பு இராமதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "அண்ணே, அந்த ஹாரனும் ஒரு நாளைக்கு..." என்றார். லூயிஸ் பேட்டரியைக் கழற்றி, பர்மாவை அவரிடம் கொடுத்தார். சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தபோது, குங்குமத்தைத் தவிர்த்து மற்ற இடங்களில் தெளித்தார். "கொக்கியைப் பார்த்துக்கிட்டே ஒருத்தர் வரணும். பின்னு கழண்டுச்சின்னா குரல் குடுக்கணும். யாரு?" என்றார் லூர்துபிரகாஷ். எல்லோரும் லூயிஸைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் ஜீப் லூயிஸ் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜீப்பில் ஏறினார். ஏறுவது எப்படி என்று தெரியாமல் பம்பரில் முழங்காலை இடித்துக்கொண்டார். பின்பக்கம் பார்த்து, காலைத் தொங்கவிட்டு, கொக்கிமேல் கண் வைத்து உட்கார்ந்தார். எதிரே விளக்கு வரிசைகளோடு தேர், உச்சியில் மாதா. வண்டி குலுங்கிக் கிளம்பியது. லாரி ஹாரன் பழகிப்போன தெரு, பழைய ஹாரன் இருமியதும் திரும்பிப் பார்த்தது. மாடியிலிருந்து ஒரு கிழவர், "தாசு, உங்கப்பன் வந்துட்டானா?" என்று கத்தினார்.

ஜீப்புக்குப் பின்னால், தேருக்குப் பக்கத்தில், ஜனம் நடந்து வந்தது. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் அன்னதான அண்டாவைக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு அவருக்கு நேர் எதிரே நடந்தார்கள். லூயிஸ் கொஞ்ச தூரம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "ஏம்பா, அத வண்டியில வைங்கப்பா" என்றார்.

"எடம் இல்லையே தாத்தா."

"நான் மடியில வச்சிக்கறேன்."

சாம்பார் அண்டா. வேட்டி முழுவதும் சாம்பார். கொக்கியின் பின்னை அவர் ஒரு கண்ணால் பார்த்தார். மறு கண்ணுக்கு அண்டாவின் மூடியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

கண்காட்சியை அன்று பலரும் பார்த்தார்கள். கூட்டம் மிச்சமிருந்த மூன்று பொருள்கள் பக்கம் போகவில்லை. நடுமேசையில் வெறும் வெல்வெட் இருந்த இடத்தில்தான் நின்றது. அங்கே பழைய அட்டையின் பின்பக்கம் பிரிஸ்கில்லாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இந்தப் பொருள் இப்போது வேலைக்குப் போயிருக்கிறது.' சிரித்தார்கள். லூயிஸ் எதிர்பார்த்த சிரிப்புதான் அது. எதிர்பார்த்த அளவுக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் இராமதாஸ் கொக்கியைக் கழற்றித் தரவா என்று கேட்டுப் போன் செய்தார். "இருக்கட்டும். அடுத்த வருசம் யாரு தேடறது?" என்றார் லூயிஸ். விளக்கும் மூடியும் குமிழும் ஒவ்வொன்றாக ரெட்டியார்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆரஞ்சுப் பெயிண்ட் மட்டும் போகாது என்று இராமதாஸ் சொல்லிவிட்டார். அதில் லூயிஸ் தலையிடவில்லை. கண்ணாடி அலமாரியில் பிரிஸ்கில்லா ஊறுகாய் ஜாடிகளை வைத்தார். அவற்றுக்கு அட்டை தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அம்மாவாசையின் சாக்குக்கு முன்னால் லூயிஸ் குந்தினார்.

"ஊதுவத்திக் கத எல்லாம் கேள்விப்பட்டேன் முசியே" என்று அவனே ஆரம்பித்தான். "என் மேல தப்பு இல்ல. நீங்க பர்மாவான்னு கேட்டீங்க. பெரியவரு சொல்றத இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"சரி, வுடு. இன்னா வச்சிருக்கற?"

அம்மாவாசை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சாக்குக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். கழுத்து முறிந்த ஒரு கொக்கி. வெல்டிங் தழும்பில் ஆரஞ்சுப் பெயிண்ட் இன்னும் பளிச்சென்று இருந்தது.

"தூரத்துலேர்ந்து வந்துது" என்று சொல்லி நிறுத்தினான். நிறுத்திவிட்டு, வழக்கம்போல் மிச்சத்துக்காக லூயிஸின் வாயைப் பார்த்தான்.

"ரெட்டியார்பாளையம்" என்றார் லூயிஸ்.

அம்மாவாசையின் முகம் வாடியது. "அப்படிச் சொன்னா வெல போவாது முசியே. மலை கிலைன்னு ஏதாவது சொல்லுங்க."

"இது மாதா தேரு இழுக்கப் போயி முறிஞ்சுது. கண்ணால பாத்தேன்."

லூயிஸ் அவன் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். தாளில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினார். வீட்டுக்கு வந்து ஊறுகாய் ஜாடிகளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணி, புது அட்டை ஒன்றை எடுத்து எழுதினார். இந்தத் தடவை யோசிக்க ஒன்றும் இல்லாததால் ஒரே வரியில் முடிந்துவிட்டது: 'ரெட்டியார்பாளையம், மாதா தேரை இழுக்கப் போய் முறிந்தது.'

பிரிஸ்கில்லா வந்து படித்தார். ஜாடியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். கொக்கியை எடுத்து, காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும் மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அட்டையைக் கதவில் ஒட்டிவிட்டார்.